ஆச்சி விட்ட இடம்

மகள், வியாழக்கிழமை டியூஷன் முடிந்து வந்தபோது உன் முகம் சரியில்லை. சைக்கிளைத் தென்னையில் சாய்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து நின்றாய். பக்கத்தில் இருந்து படிக்கிற உன் தோழி, "உங்கட வேதத்த ஆர் எழுதினதெண்டு உங்களுக்கே தெரியாதாமே, பிறகு ஆக்கள் மாத்தியும் போட்டாங்களாமே" என்று கேட்டாளாம். உனக்குப் பதில் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது. அவள்மேலா, உன்மேலா, எங்கள்மேலா என்று உனக்கே பிடிபடவில்லை. தேத்தண்ணியைக் குடி, ஆறுதலாகப் பேசலாம் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லி உன்னைச் சமாளிக்க எனக்கு மனமில்லை. ஒருதரம் ஒரு பிள்ளையை அப்படிச் சமாளித்திருக்கிறேன்.

அப்போது எனக்கு 22 வயது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்துப் பூவரச மரத்தடியில் மறைப்பாடசாலை. பஞ்சாகமத்தை எழுதியவர் மோயீசன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன், பதினொரு வயதிருக்கும், எழும்பினான். "மோயீசன் செத்ததும் அதுக்குள்ளதானே இருக்கு சேர். செத்தவர் எப்பிடி எழுதினவர்?" என்று கேட்டான். உபாகமத்தின் கடைசி அதிகாரத்தை அவன் உண்மையாகவே வாசித்திருந்தான். என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வேதத்தில் குறுக்குக் கேள்வி கேட்பது பாவம் என்று சொல்லி, பாடம் முடியும்வரை வெயிலில் நிறுத்தினேன். அடுத்த கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. கரைவலை இழுக்கும் இடத்தில் ஒருநாள் கண்டேன். என்னைக் கண்டதும் மறுபக்கம் திரும்பிக் கயிற்றைப் பிடித்தான்.

அவன் கேட்டதை யூத ரபிமார் ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தெரியவர மேலும் பதினைந்து வருடம் பிடித்தது. அந்தக் கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதியிருப்பார் என்று ஒரு கருத்து அவர்களுடைய தல்மூதிலேயே பதிவாகி இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவர்கள் யாரையும் வெயிலில் நிறுத்தவில்லை. இதைச் சொல்ல அந்தப் பையனைத் தேடினேன். அதற்குள் அவன் கடல் கடந்து போய்விட்டான். அவனுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் உனக்குச் சொல்கிறேன்.

முதலில் எழுதுவது என்றால் என்ன என்று பார். எண்பதுகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். எழுத வாசிக்கத் தெரியாத தாய்மார் நீல ஏரோகிராமைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னேரங்களில் இந்தத் திண்ணைக்கு வருவார்கள். ஒரு கிழவி இருந்தா. மகன் குவைத்தில். "கண் தெரியுதில்ல, வந்து பாக்கச் சொல்லு" என்பா. அவ்வளவுதான் அவவின் கடிதம். நான் அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கி, வீட்டுக் கூரை, தங்கச்சியின் கலியாணப் பேச்சு, கடைசியில் கண் என்று பக்கத்தை நிரப்புவேன். பிறகு வாசித்துக் காட்ட வேண்டும். ஒருநாள் ஓரிடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினா. "இத நான் சொல்லல்லயே" என்றா. வெட்டிவிடவா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாம், இதத்தான் நான் சொல்ல வந்த" என்றா. கடைசியில் பேனையை வாங்கி, அடியில் பெரிதாக, கோணலாக ஒரு சிலுவை கீறுவா. அது அவவின் கை. மகனுக்கு அது தெரியும்.

அந்தக் கடிதத்தை எழுதியது யார், மகள்? கையெழுத்து என்னுடையது. தமிழும் பெரும்பாலும் என்னுடையது. ஆனால் குவைத்தில் அதைப் பிரித்து அழுதவன் என்னை நினைத்து அழவில்லை.

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் பார். தெர்த்தியு என்று ஒருவர், இதை எழுதிக்கொடுத்தவன் நான்தான் என்று நடுவில் தலைநீட்டித் தன் வாழ்த்தையும் சொல்லிவிட்டுப் போகிறார். சின்னப்பர் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர். கலாத்தியருக்கு எழுதியதன் முடிவில் சின்னப்பர் பேனையைத் தானே வாங்கி, பாருங்கள், எவ்வளவு பெரிய எழுத்தில் என் கையாலேயே எழுதுகிறேன் என்கிறார். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிழவியின் சிலுவைதான் கண்ணில் வரும். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் அரசன் கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பில் போட்டு எரித்தான். இருவரும் திரும்ப உட்கார்ந்து முழுவதையும் எழுதினார்கள். முதல் சுருளில் இல்லாத பலதும் இரண்டாவதில் சேர்ந்தன என்று எரேமியா ஆகமமே 36ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. சேர்ந்ததை அது ஒளிக்கவில்லை.

இராயப்பரின் விஷயம் நம்முடைய ஊருக்கு இன்னும் கிட்ட. அவர் மீன் பிடித்தவர். படிப்பறியாதவர் என்று அப்போஸ்தலர் பணியே சொல்கிறது. அவர் பெயரிலுள்ள முதலாம் திருமுகமோ நல்ல கிரேக்கத்தில் இருக்கிறது. சில்வானு என்ற சகோதரர் வழியாக எழுதுகிறேன் என்று அதன் முடிவில் ஒரு வரி உண்டு. அந்தக் கிரேக்கம் சில்வானுவினுடையது என்று சிலர் சொல்கிறார்கள். இராயப்பர் இறந்தபின் அவருடைய சீடர்கள் அவர் பெயரில் எழுதியது என்று வேறு அறிஞர்கள் சொல்கிறார்கள். நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். அதற்கு ஆராய்ச்சி காரணமில்லை, அந்த ஏரோகிராம்தான் காரணம். அதனால் என் சாய்வை நீ ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதே.

நான்கு சுவிசேஷங்களும் உள்ளே தங்கள் எழுத்தாளரின் பெயரைச் சொல்வதில்லை. மத்தேயு, மாற்கு, லூக்கா, அருளப்பர் என்ற பெயர்களை நமக்குத் தந்தது திருச்சபையின் ஞாபகம். இரண்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் இரேனேயு நான்கு பெயர்களையும் சொல்லிவிடுகிறார். லூக்கா தன் முதல் வரிகளிலேயே, கண்ணால் கண்டவர்கள் கையளித்ததைக் கவனமாக விசாரித்து எழுதுகிறேன் என்கிறார். எபிரேயர் திருமுகத்தைப் பற்றி மூன்றாம் நூற்றாண்டின் பெரிய அறிஞர் ஒரிஜன், எழுதியவர் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும் என்ற பொருளில் சொல்லி வைத்தார். அவ்வளவு பெரிய ஆள் அதைச் சொல்லக் கூச்சப்படவில்லை. பூவரச மரத்தடியில் நின்ற 22 வயதுக்காரனுக்கு அது வாயில் வரவில்லை.

யார் எழுதினார் என்று தேடுவது நம் ஊருக்கு அந்நியமான வேலையும் அல்ல. சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது இதே கற்பிட்டியில். 1834இல், 27 வயதில், இலங்கையின் ஊர்களையும் சாதிசனங்களையும் பற்றி 'சிலோன் கசற்றியர்' என்ற பெரிய நூலை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். சட்டசபை உறுப்பினராக இருந்தார். பிறகு சிலாபத்தில் நீதவான். இறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, 1859இல், யாழ்ப்பாணத்தில் 'தமிழ் புளூட்டாக்' அச்சாகி வந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த தமிழ்ப் புலவர்களின் வரலாறு அது. அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஏடுகளும் கர்ணபரம்பரைக் கதைகளும்தான். அவர் குறித்த பல காலங்களைப் பின்னால் வந்தவர்கள் திருத்திவிட்டார்கள். என்றாலும் அவர் தேடியிராவிட்டால் திருத்துவதற்கு ஒன்றும் இருந்திராது. கோட்டைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். இந்த உப்புக்காற்றில் வளர்ந்த ஒருவர், தமிழில் யார் எதை எழுதினார் என்று கேட்டுக்கொண்டு வாழ்நாளைக் கழித்திருக்கிறார்.

பள்ளியில் ஔவையார் படித்தாயே. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையும் ஆத்திசூடி பாடிய ஔவையும் ஒருவரல்லர். இடையில் பல நூற்றாண்டுகள் உண்டு. இதைச் சொன்ன ஆசிரியருடன் நீ சண்டைக்குப் போனாயா? ஆத்திசூடியை வீசிவிட்டாயா? இசையாஸ் ஆகமத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. இசையாஸ் வாழ்ந்தது கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில். அவருக்கு ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் பிந்திய பாரசீக அரசன் சீருஸின் பெயர் 44ஆம், 45ஆம் அதிகாரங்களில் வருகிறது. அடிமைத்தனத்திலிருந்து வீடு திரும்பப் போகிற சனத்துக்கு ஆறுதல் சொல்கிற குரல் அங்கே கேட்கிறது. அதனால்தான் 40ஆம் அதிகாரம் முதல் இன்னொரு தீர்க்கதரிசியின், அல்லது அவருடைய வழிவந்தவர்களின் குரல் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். இசையாஸே முன்னறிந்து சொன்னார் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தாரும் அந்தப் பக்கங்களை வைத்துத்தான் செபிக்கிறார்கள்.

இனி அவள் கேட்ட இரண்டாவது விஷயம், மாற்றிவிட்டார்கள் என்பது. அதற்கு என் பெட்டகத்தில் இருக்கும் இரண்டு கொப்பிகளை எடுக்க வேண்டும்.

தவக்காலத்தில் நாம் பாடுகிற வியாகுலப் பிரசங்கம் யாகோமே கொன்சால்வெஸ் அடிகள் செய்தது. கோவாவிலிருந்து 1705இல் வந்தவர். ஒல்லாந்தர் நம் வேதத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. இந்தக் கற்பிட்டிக் கோட்டையை அவர்கள் கட்டி முடித்தே முப்பது வருடம் ஆகியிருக்கவில்லை. குருமார் ஒளித்துத் திரிந்துதான் பூசை வைத்தார்கள். பின்னால் ஒல்லாந்தர் கொழும்பில் அச்சகம் வைத்தபோதும் அது அவர்களுடைய சபைக்கே. கொன்சால்வெஸ் அடிகள் 1742இல் போலவத்தையில் இறக்கும்வரை தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தவை ஏட்டிலும் தாளிலும் கைப்பிரதிகளாகவே சனத்திடம் போயின. ஒருவர் பார்த்து எழுத, அவருடையதை இன்னொருவர் பார்த்து எழுத, அப்படி வந்ததுதான் என் ஆச்சியின் கொப்பி. நீலக் கோடு போட்ட தாள், மை பழுப்பேறிவிட்டது, தையல் நூல் மூன்றுதரம் மாறிவிட்டது. மாம்புரிச் சின்னாச்சியிடம் இன்னொரு கொப்பி இருந்தது.

நான் பொடியனாக இருந்தபோது ஒரு தவக்கால வெள்ளி இரவு, பாயில் இரண்டு பக்கமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கொப்பியைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று குரல் பிரிந்தது. ஆச்சி ஒரு வரியில், சின்னாச்சி வேறு வரியில். பாட்டு நின்றது. ஆச்சி சின்னாச்சியைப் பார்த்தா, சின்னாச்சி கொப்பியைப் பார்த்தா. ஒருவரும் மற்றவர் கொப்பி பொய் என்று சொல்லவில்லை. அடுத்தநாள் காலை இரண்டையும் திண்ணையில் விரித்துவைத்து, என்னை விரலால் வரி தொட்டு வாசிக்கச் சொன்னார்கள். விஷயம் லேசாகப் பிடிபட்டது. இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிகின்றன. முதல் வரியை எழுதி முடித்துவிட்டுத் தாளுக்குத் திரும்பிய கண், இரண்டாவது வரியின் முடிவில் போய் விழுந்திருக்கிறது. ஆச்சியின் கொப்பியில் ஒரு வரி போய்விட்டது. ஆச்சி அதை மேலே சின்ன எழுத்தில் சேர்த்துக்கொண்டா. சின்னாச்சியின் கொப்பியில் வேறொரு கோளாறு. யாரோ ஒருவர் ஓரத்தில் எழுதிவைத்த தன் மன்றாட்டை, அடுத்துப் பிரதி எடுத்தவர் பிரசங்கத்தின் வரி என்று நினைத்து உள்ளே சேர்த்து எழுதியிருந்தார். அன்பினால் நேர்ந்த பிழை அது. ஒரு கொப்பி மட்டும் இருந்திருந்தால் இரண்டு பிழையும் எங்களுக்குத் தெரிந்தே இராது.

1947இல் சாக்கடல் ஓரக் குகையில் ஆட்டிடைப் பையன்கள் கண்டெடுத்த சுருள்களில் ஒன்று முழு இசையாஸ் ஆகமம். தோலில் எழுதி, துண்டு துண்டாகத் தைத்து, ஏழு மீற்றருக்கு மேல் நீளம். கிறிஸ்துவுக்கு முன் எழுதப்பட்டது. அதுவரை கையிலிருந்த எபிரேயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது. விரித்துப் பார்த்தார்கள். எழுத்துக்கூட்டலிலும் சொற்களிலும் நிறைய வேறுபாடு உண்டு, ஆனால் ஆகமம் அதே ஆகமம். 40ஆம் அதிகாரத்தில் புல் உலர்வதையும் பூ உதிர்வதையும் சொல்கிற சொற்கள் அடுத்தடுத்து இரண்டுதரம் வருகின்றன. அந்த இடத்தில் எழுதியவரின் கண் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவிவிட்டது. விடுபட்டதைப் பிறகு வேறொரு கை வரிகளுக்கு நடுவிலும் ஓரத்திலுமாக நெருக்கி எழுதிவைத்திருக்கிறது. அதன் படத்தை முதன்முதலாகப் புத்தகத்தில் கண்ட அன்று நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். ஆச்சியின் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன் அல்லவா, அதனால்தான்.

புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கக் கைப்பிரதிகள் மட்டும் 5000க்கும் மேல் உண்டு. முழுவதும் இருப்பது சில, துண்டு துணுக்கானவை பல. எகிப்தில் கிடைத்து இப்போது மான்செஸ்டர் நூலகத்தில் இருக்கும் பப்பிரசுத் துண்டு ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும். பிலாத்துவின் முன் இயேசு நிற்கிற அருளப்பரின் 18ஆம் அதிகாரத்து வரிகள் அதில் முன்னும் பின்னுமாக உள்ளன. இரண்டாம் நூற்றாண்டினது என்று பொதுவாகக் கணிக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய பிரதிகள் உண்டு. ஒன்று சீனாய் மலை மடத்தில் இருந்தது, மற்றது வத்திக்கானில் இருக்கிறது. இரண்டிலும் மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் இல்லை. அந்தக் கதை சில பிரதிகளில் லூக்காவுக்குள் போய் இருக்கிறது. முதலாம் அருளப்பர் திருமுகத்தில் பரலோகச் சாட்சிகள் மூவரைப் பற்றிய வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, இலத்தீன் வழியாக உள்ளே வந்தது. சின்னாச்சியின் கொப்பியில் நேர்ந்தது போலத்தான் இதுவும் என்று எனக்குத் தோன்றுகிறது. புதிய மொழிபெயர்ப்புகள் இவற்றை அடைப்புக்குறிக்குள் போட்டோ அடிக்குறிப்பில் சொல்லியோ வாசிப்பவருக்குத் தெரிவிக்கின்றன. அந்தப் பெண்ணின் கதையை நான் விடமாட்டேன். எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எழுதினவர்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம், ஆனால் கைவிட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

உன் தோழிக்கு இதைச் சொல்லலாம். ஆம், கைகள் பட்டன, பிழைகளும் வந்தன. அவை வெளியே தெரிவதற்குக் காரணம், எகிப்திலும் சிரியாவிலும் உரோமையிலும் பிரதிகள் சிதறிக் கிடந்ததுதான். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து ஒரே கையால் மாற்ற ஒருவருக்கும் முடிந்திராது. அவளுடைய வேதத்தைப் பற்றி நீ ஒன்றும் பேசாதே. அதை முழுவதும் மனனமாக வைத்திருப்பவர்கள் உள்ள வீட்டில் வளர்ந்தவள் அவள். அவளுக்கு வேதம் என்றால் அப்படி இருக்க வேண்டும். அவள் கேட்டது அந்த மரியாதையிலிருந்து என்று எடுத்துக்கொள்.

மொழிபெயர்ப்புகள் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டாய். தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து 1719இல் இறந்தார். மிச்சத்தை முடித்தது சூல்ச். கொழும்பில் பிறந்த தமிழர் பிலிப்பு தெ மெல்லோ திருத்திய புதிய ஏற்பாடு 1759இல் அங்கேயே அச்சானது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதத்துக்கு நல்ல தமிழ் கொடுத்தவர் ஆறுமுக நாவலர், சைவத்தை விட்டு ஓர் அடி நகராதவர். கடவுள் என்ற ஒரு சொல்லுக்கே ஒருவர் பராபரன் என்றார், ஒருவர் தேவன் என்றார், நம்மவர்கள் சருவேசுரன் என்றார்கள். ஆச்சி கடைசிவரை சருவேசுரனிடம்தான் பேசினா.

ஒன்றை மட்டும் நான் இன்னும் கஷ்டப்பட்டுத்தான் வாசிக்கிறேன். பாபிலோன் ஆற்றங்கரையில் அழுகிற சங்கீதத்தின் முடிவில், எதிரியின் குழந்தைகளைப் பாறையில் மோதுவதைப் பற்றிய சாபம் ஒன்று வருகிறது. அதைச் சொன்னது கடவுளா என்று நீ ஒருநாள் கேட்பாய். 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றிய மன்னார் முஸ்லிம் சனங்கள் வள்ளங்களில் வந்து இந்தக் கரையில் இறங்கினார்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்கள். ஒரு தாய், ஈர மணலில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துச் சாபம் போட்டா. நான் கேட்ட சாபங்களில் அப்படி ஒன்றை முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மறுநாள் காலை அதே தாய் தன் பங்குச் சோற்றைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தா. அந்த இரவுச் சொல்லை அவவின் மார்க்கம் என்று ஒருவன் எழுதிவைத்தால் அவன் அவவை அறியாதவன். அந்தச் சொல்லே எழவில்லை என்று எழுதிவைத்தால் அவனும் பொய்யன். யார் பேசுகிறார், எங்கே உட்கார்ந்து பேசுகிறார், யாரை நோக்கிப் பேசுகிறார் என்று பார்த்து வேதத்தை வாசிக்கும்படி 1965இல் வத்திக்கான் சங்கம் நமக்குச் சொன்னது. அதன் பொருள் எனக்குக் கடற்கரையில்தான் விளங்கியது.

வருகிற தவக்காலத்துக்கு ஆச்சியின் கொப்பியை நீ பிரதி எடுக்கப் போவதாகச் சொன்னாய். புதிய சீ.ஆர். கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன். நாலாவது தாளின் பின்பக்கத்தில், கீழிருந்து ஆறாவது வரியில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றும் எழுதாமல் இருக்கும். ஆச்சி பார்த்து எழுதிய ஏட்டில் அந்த இடத்தைச் செல் அரித்திருந்ததாம். என்ன சொல் வரும் என்று ஆச்சிக்கு ஊகிக்கத் தெரியாமல் இல்லை, பாடும்போது வாயில் ஒரு சொல் வரும். ஆனால் எழுதவில்லை. சின்னாச்சியின் கொப்பியிலும் அந்தப் பக்கம் கிழிந்துபோயிற்று. நீ எழுதும்போது அந்த இரண்டு விரல் அகலத்தை அளந்து அப்படியே விடு. எந்த வீட்டிலாவது மூன்றாவது கொப்பி ஒன்று இருக்கக்கூடும்.